லிச்ஃபீல்டில் ஒரு பகல்: அருவிக் குளியலும் காட்டுயிர்களும், முதல்முறை முகாம் போடுவோருக்கு

ஆஸ்திரேலியாவின் வடக்கு முனையில் இருக்கும் டார்வினிலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணத்தில் வருகிறது லிச்ஃபீல்டு தேசியப் பூங்கா. அந்தப் பக்கம் போகிறோம் என்றாலே எல்லோரும் பக்கத்திலுள்ள பெரிய பூங்காவான காக்கடுவைச் சொல்வார்கள். கூடாரம் போட்டுப் பழக்கமில்லாதவர்களுக்கு நான் சொல்வது லிச்ஃபீல்டைத்தான். முக்கிய அருவிகளுக்கெல்லாம் தார்ச்சாலை இருக்கிறது. சாதாரண வாடகைக் காரே போதும். ஆனால் எப்போது எங்கே இருக்க வேண்டும் என்பதை வெயிலும் விலங்குகளும்தான் முடிவு செய்யும். கீழே உள்ள வரிசை அதற்கேற்ப அமைந்தது.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே முதல் செப்டம்பர் வரை போகலாம். மழைக்காலத்தில் அருவிகள் பெருக்கெடுத்து விழும், ஆனால் பல குளங்களில் இறங்க விடமாட்டார்கள். வறண்ட மாதங்களில் தண்ணீர் இருக்குமா என்று கவலைப்பட வேண்டாம். மேலே உள்ள மணற்பாறை மேட்டுநிலம் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஊற்றுகளாகக் கசியவிடுகிறது. மாதக்கணக்கில் மழை இல்லாவிட்டாலும் பெரிய அருவிகள் வற்றுவதில்லை.

2. பதிவு செய்யுங்கள்

வெளியூர்க்காரர்களுக்கு 2023 முதல் பூங்கா அனுமதிச் சீட்டு கட்டாயம். முகாம் இடத்தையும் ஆன்லைனிலேயே பிடித்துவிட வேண்டும். முதல் இரவு ஃபுளோரன்ஸ் அருவி முகாம், இரண்டாம் இரவு வாங்கை அருவி முகாம் என்று எடுங்கள். ஒரே இடத்தில் தங்கினால் இருட்டிய பிறகு கார் ஓட்டித் திரும்ப வேண்டிவரும். அந்த நேரத்தில்தான் வாலபிகள், அதாவது சின்னக் கங்காருக்கள், சாலைக்கு வரும்.

3. முந்தின நாள் மாலை: பேச்சலர் ஊரும் கறையான் புற்றுகளும்

பூங்காவுக்குள் பெட்ரோல் கிடையாது. பேச்சலரில் நிரப்பிக்கொள்ளுங்கள். குடிநீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4, 5 லிட்டராவது வேண்டும். பெரும்பாலான இடங்களில் கைபேசி சிக்னல் இருக்காது. வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வையுங்கள்.

உள்ளே போகும் வழியிலேயே காந்தக் கறையான் புற்றுகள் வந்துவிடும். தயவுசெய்து இறங்கிப் பாருங்கள். ஆள் உயரத்துக்கு, பலகைபோல் தட்டையாக, எல்லாமே வடக்கு தெற்காக நிற்கும். காலை வெயிலும் மாலை வெயிலும் அகலப் பக்கத்தில் படும், உச்சி வெயில் மெல்லிய விளிம்பில் மட்டும் விழும். புற்றுக்குள் சூடு ஏறாமல் இருக்க அந்தப் பூச்சிகள் கண்ட வழி இது. மழைக்காலத்தில் அந்தத் தாழ்நிலம் வெள்ளக்காடாகிவிடும் என்பதால், மற்ற கறையான்களைப்போல் மண்ணுக்கடியில் இறங்கித் தப்பிக்கவும் முடியாது.

4. தண்ணீரில் கால் வைக்குமுன்: முதலை

இதை அவசரப்படாமல் படியுங்கள். இங்கே இரண்டு வகை முதலைகள் உண்டு. நன்னீர் முதலை நாம் சீண்டாதவரை பொதுவாக ஒதுங்கிப் போகும். உவர்நீர் முதலை ஆளைக் கொல்லும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், நல்ல தண்ணீரிலும் வாழும். ஒவ்வோர் ஆண்டும் மழை ஓய்ந்ததும் வனக்காவலர்கள் குளங்களைச் சோதித்து, பொறி வைத்து, உறுதியான பிறகே திறக்கிறார்கள். அப்படியிருந்தும் 2023 ஜூலையில், வறண்ட காலத்தின் நடுவே, வாங்கைக் குளத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒருவரை உவர்நீர் முதலை கடித்தது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆகவே நேற்று திறந்திருந்தது என்பது இன்றைக்குக் கணக்கில்லை. கரையில் உள்ள பலகையை ஒவ்வொரு முறையும் படியுங்கள். மூடியிருந்தால் கால் நனைக்கக்கூட இறங்காதீர்கள்.

5. காலை: ஃபுளோரன்ஸ்

விடிந்ததும் கிளம்புங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். கீழே இரட்டை அருவி. சுற்றிலும் அடர்ந்த மழைக்காடு. சுற்றுலா வண்டிகள் வருவதற்குள் குளம் உங்களுடையதுதான். கால் அருகே மீன்கள் வரும், பயம் வேண்டாம். சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு குளத்தில் இறங்காமல் முழுக்கைச் சட்டையோடு குளியுங்கள். அந்த மீன்கள் வாழ்வது இதே தண்ணீரில்தான்.

திரும்பும்போது படியில் ஏறாமல் ஓடையோரப் பாதையில் நடங்கள். தூரம் சற்றுக் கூடுதல், ஆனால் நிழல். கரைப் பாறைகளில் மெர்ட்டன் நீர் உடும்பு வெயில் காய்கிறதா என்று பாருங்கள். கரும்பு வண்டுகளை ஒழிக்க 1935இல் குவீன்ஸ்லாந்தில் கொண்டுவந்து விட்ட நச்சுத் தேரை இப்பகுதிவரை பரவி, அதைத் தின்ற உடும்புகள் ஏராளமாகச் செத்துவிட்டன. ஒன்று கண்ணில் பட்டாலும் தள்ளி நின்று, போகும்வரை பாருங்கள்.

நீச்சல் தெரியாதவர்களுக்குப் பக்கத்திலேயே பியூலி பாறைக்குளங்கள் இருக்கின்றன. ஒன்றன்கீழ் ஒன்றாகச் சின்னச் சின்னத் தொட்டிகள், உட்கார்ந்தே குளிக்கலாம். ஆழமானவையும் உண்டு, பார்த்து இறங்குங்கள்.

6. நண்பகல்: டோல்மர்

டோல்மர் அருவியை மேடையிலிருந்து பார்ப்பது மட்டும்தான். குகைகளில் பேய் வௌவாலும் ஆரஞ்சு இலைமூக்கு வௌவாலும் அடைகின்றன. அவற்றுக்காகவே கீழே இறங்கத் தடை. எனக்கு இது மிகச் சரியான முடிவாகப் படுகிறது. எல்லா அருவியிலும் நாம் குளித்தாக வேண்டும் என்று என்ன இருக்கிறது?

7. மாலை: வாங்கை

மதியம் கழித்து வந்து, வெளிச்சம் இருக்கும்போதே கூடாரத்தைப் போட்டுவிடுங்கள். பிறகு அருவியைச் சுற்றியுள்ள 1.6 கிலோமீட்டர் பாதையில் நடங்கள். காட்டு மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும், இருட்டத் தொடங்கியதும் கூட்டமாகக் கிளம்பும். புல்வெளி ஓரத்தில் வாலபிகள் மேயும். எதற்கும் தீனி போடாதீர்கள். மனிதர் கையிலிருந்து தின்னப் பழகிய விலங்கு கடைசியில் நோயிலோ காரில் அடிபட்டோ சாகக்கூடும்.

இரவில் சாப்பாட்டுப் பொருளையும் குப்பையையும் காருக்குள் பூட்டிவையுங்கள். டிங்கோ என்னும் காட்டு நாய்கள் உலவும் இடம் இது. கூடாரத்தின் ஜிப்பை முழுதாக மூடி, செருப்பை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். நடமாட வேண்டியிருந்தால் சிவப்பு வெளிச்சம் தரும் டார்ச் நல்லது, விலங்குகளின் கண் கூசாது.