ஒபீடியன்ட்: ‘டு’ எங்கே வரும், எங்கே வராது?

‘ஐ ஒபே டு மை பேரண்ட்ஸ்’ என்று எழுதினால் அந்த ‘டு’வைச் சிவப்பு மையால் அடித்துவிடுவார்கள். காரணத்தைச் சொல்வதுதான் அபூர்வம்.

தமிழில் ‘பெற்றோருக்குக் கீழ்ப்படி’ என்கிறோம். அந்த நான்காம் வேற்றுமை ‘கு’தான் ஆங்கிலத்தில் ‘டு’வாக நுழைந்துவிடுகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு படிப்பவர்களுக்குக் கூடுதல் தொல்லை: பிரெஞ்சில் ‘ஒபேயிர்’ என்ற வினைக்குப் பின் ‘ஆ’ வந்தாக வேண்டும். இரண்டு மொழிகள் ஒரே பக்கம் இழுத்தால் மூன்றாவது தடுமாறத்தானே செய்யும்! ஆங்கில ‘ஒபே’ இரண்டாம் வேற்றுமையோடு போகும் வினை: ‘ஐ ஒபே மை பேரண்ட்ஸ்’. ஆனால் பெயரடைக்கும் பெயர்ச்சொல்லுக்கும் ‘டு’ வேண்டும்: ‘ஷி இஸ் ஒபீடியன்ட் டு ஹெர் பேரண்ட்ஸ்’, ‘ஒபீடியன்ஸ் டு த லா’. ‘டு’ வராதது வினைக்கு மட்டுமே.

ராஜா தியேட்டர் சிக்னலில் ஒழுங்காக நிற்பவரை ‘ஒபீடியன்ட்’ என்றால் ஒட்டாது. ‘ஹி ஒபேஸ் டிராஃபிக் ரூல்ஸ்’ போதும். அதே பொருளில் ‘கம்ப்ளை’ போட்டால் ‘வித்’, ‘அபைடு’ போட்டால் ‘பை’ சேர்க்க வேண்டும்.

எதிர்ச்சொல்லுக்கு முன்னால் ‘அன்’ வராது, ‘டிஸ்’தான். 1930-இன் சட்டமறுப்பு இயக்கத்துக்கு ஆங்கிலப் பெயர் ‘சிவில் டிஸ்ஒபீடியன்ஸ்’. அதை நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது. எழுத்துக்கூட்டலில் ‘பி’க்கு அடுத்து ‘ஈ’, ‘ஐ’ அல்ல. உச்சரிக்கும்போது அழுத்தம் ‘பீ’யில்.

லீவ் லெட்டரில் ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’ எழுதும்போது ‘யுவர்ஸ்’ நடுவே, ‘எஸ்’ஸுக்கு முன்னால், அபாஸ்ட்ரஃபி குறி போடுவது தவறு. பள்ளிக்கு இந்த முடிவுரை சரி. வங்கிக்கும் அலுவலகத்துக்கும் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ எழுதுங்கள்.

கடலூர் சிப்காட்டில் வேலைக்குப் போடும் பயோடேட்டாவில் ‘ஐ ஆம் ஒபீடியன்ட்’ வேண்டவே வேண்டாம். பெரியவர்களைப் பற்றிச் சொன்னால், சொன்னதை மட்டும் செய்பவர் என்ற தொனி வந்துவிடும். ஆங்கிலத்தில் ‘ஒபீடியன்ஸ் டிரெய்னிங்’ என்பது நாய்களுக்குக் கொடுக்கும் பயிற்சி! ‘ரிலையபிள்’ என்றால் பொறுப்பாக வேலை பார்ப்பவர் என்று புரியும். ஒத்த சொற்களின் பட்டியலில் பக்கத்திலேயே கிடக்கும் ‘சப்மிஸிவ்’ இன்னும் மோசம்; எதிர்த்துப் பேசாமல் அடங்கிப் போகிறவர் என்று பொருள். ‘டோசைல்’ சாதுவான மாட்டுக்குப் பொருந்தும், சூப்பர்வைசர் வேலைக்குப் பொருந்தாது.