ஊர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பட்டன் போன் மூலம் கண்காணிக்கும் முறை

எங்கள் ஊர் வீட்டில் மேல்நிலைத் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க, அறுபதைக் கடந்த அம்மா இரும்பு ஏணியில் ஏறி மூடியைத் தூக்கிப் பார்ப்பதே வழக்கமாக இருந்தது. இணைய இணைப்பு இல்லாத வீடு என்பதால் வைஃபை கருவிகளால் அங்கே பயனில்லை. ஆனால் போன் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது. பெட்டியில் கிடந்த பழைய பட்டன் போனைக் கொண்டு, தொட்டியில் நீர் எவ்வளவு, மோட்டார் ஓடுகிறதா என்ற இரண்டையும் எங்கிருந்தும் அழைத்துக் கேட்கும் அமைப்பை உருவாக்கினேன். அதைத் தொடக்கநிலையினரும் செய்யும் விதமாகக் கீழே விளக்குகிறேன். இது கண்காணிக்க மட்டுமே. மோட்டாரைத் தொலைவிலிருந்து ஓடவிடுவதை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. யாராவது மோட்டாரில் கை வைத்திருக்கும் நேரத்தில் சென்னையிலிருந்து பொத்தானை அழுத்திவிடும் வாய்ப்பு எனக்கு வேண்டாம்.

முதலில் இது எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். போனில் ஒரு விசையை அழுத்தும்போது கேட்கும் ஒலி உண்மையில் இரண்டு ஒலிகளின் கலவை. 5 என்ற விசைக்கு 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கின்றன. மனிதக் குரல் தற்செயலாக இந்த இணையை உண்டாக்குவது அரிது என்பதற்காகவே இரட்டை ஒலி தேர்ந்தெடுக்கப்பட்டது. அமெரிக்காவில் 1963இல் பொத்தான் தொலைபேசியோடு புழக்கத்துக்கு வந்த இந்த முறைக்கு டிடிஎம்எஃப் என்று பெயர். அந்த இணையைக் கேட்டு இன்ன எண் என்று சொல்லும் சில்லுதான் எம்டி 8870. அதற்கு வேண்டிய 3.579545 மெகா ஹெர்ட்ஸ் படிகம் (சில்லுக்குத் துல்லியமான துடிப்பைத் தரும் பாகம்), அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கென்று இலட்சக்கணக்கில் தயாரானதால் மலிவாகக் கிடைத்தது.

லேண்ட்லைன் வைத்திருப்பவர்கள் அந்தக் கம்பியிலேயே நேரடியாக இணைக்கலாமே என்று கேட்கக்கூடும். வேண்டாம். அந்த இணைப்பில் சும்மா இருக்கும்போதே சுமார் 48 வோல்ட் இருக்கும். மணி அடிக்கையில் அதன்மேல் 75 வோல்ட்டுக்கு நெருக்கமான மாறுமின்னழுத்தம் ஏறி, இந்த அமைப்பின் மூளையான ஆர்டுயினோவை (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) ஒரே மணியில் பொசுக்கிவிடும். பட்டன் போனின் ஹெட்செட் துளையிலோ வெளிவருவது சிறிய ஒலி மின்னழுத்தம் மட்டுமே.

தேவையான பொருட்கள்: ஹெட்செட் செருகியிருக்கும்போது தானாக அழைப்பை ஏற்கும் வசதியுள்ள பட்டன் போன், எம்டி 8870 பலகை, ஆர்டுயினோ ஊனோ, காந்த மிதவை சுவிட்ச் மூன்று, பிசி 817 ஆப்டோகப்ளர் (இரு சுற்றுகளைக் கம்பித் தொடர்பின்றி ஒளியால் இணைக்கும் சில்லு) ஒன்று, சில ரெசிஸ்டர்கள், 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, பழைய 5 வோல்ட் போன் சார்ஜர் ஒன்று, வைஃபை ரவுட்டருக்கு விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ். சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாலை சுற்றினால் எல்லாம் கிடைத்துவிடும். யுபிஎஸ்ஸுக்குப் பதில் பவர் பேங்க் வைக்கலாம் என்று தோன்றும். ஆனால் ஊனோ இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று எண்ணிப் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும்.

படி 1: தொட்டி. மிதவை சுவிட்சுகளைத் தொட்டியின் அடியிலும் நடுவிலும் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழேயும் பொருத்துங்கள். செலவை மிச்சம் பிடிக்க நான் முதலில் செம்புக் கம்பிகளை நீரில் தொங்கவிட்டு, நீர் தொட்டால் மின்னோட்டம் பாயும் என்று ஏற்பாடு செய்திருந்தேன். சில வாரங்களில் ஒரு கம்பியின் நுனி பச்சைப் பசேலென்று பூத்து, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிட்டது. நேர்மின்னோட்டம் நீர் வழியே தொடர்ந்து பாய்ந்தால் செம்பு கரையத்தான் செய்யும். அந்த நீரைத்தான் வீட்டில் புழங்கினோம் என்று நினைக்கையில் இன்றும் சங்கடமாக இருக்கிறது. ஒவ்வொரு சுவிட்சின் ஒரு முனையைத் தரைக்கும் (ஊனோவில் GND என்று குறித்த முனை) மறு முனையை ஊனோவின் ஒரு பின்னுக்கும் (இணைப்பு முனை) கொடுத்து, அந்தப் பின்னிலிருந்து 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சேருங்கள். ஊனோவுக்குள்ளேயே இருக்கும் ரெசிஸ்டர், மொட்டை மாடியிலிருந்து வரும் நீளமான ஒயருக்குப் போதாது.

படி 2: மோட்டார். சிங்கிள் ஃபேஸ் மோட்டாராக இருந்தால், ஸ்டார்ட்டரைத் தாண்டி மோட்டாருக்குப் போகும் இணைப்பிலிருந்து ஒரு பிளக் பாயின்ட் எடுத்துத் தரும்படி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இதை நீங்களே செய்யாதீர்கள். அந்தப் பிளக்கில் ஒரு பழைய 5 வோல்ட் போன் சார்ஜரைச் செருகினால், மோட்டாருக்குக் கரண்ட் போகும்போது மட்டும் சார்ஜர் உயிர் பெறும். சார்ஜரின் வெளியீட்டை 470 ஓம் வழியாக ஆப்டோகப்ளரின் ஒளி உமிழும் பக்கத்துக்குக் கொடுத்து, மறுபக்கத்தைத் தரைக்கும் ஊனோவின் இன்னொரு பின்னுக்கும் இடையே ஒரு மிதவை சுவிட்சைப் போலவே இணைத்துவிடுங்கள்.

படி 3: போன். ஹெட்செட் ஒயரை வெட்டினால் காதுக்குப் போகும் கம்பி, மைக் கம்பி, பொதுத் தரை ஆகியவை கிடைக்கும். எந்த நிறம் எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பதே நல்லது. காதுக் கம்பி எம்டி 8870 பலகையின் உள்ளீட்டுக்குப் போகட்டும். மைக் கம்பிக்கும் தரைக்கும் இடையே 2.2 கிலோ ஓம் வைத்தால் மைக் இருப்பதாகப் போன் நம்பிவிடும். பதில் ஒலிக்காக ஊனோவின் ஒரு பின்னை 100 கிலோ ஓம், 1 கிலோ ஓம் என்ற இரு ரெசிஸ்டர்களின் வழியே தரைக்கு இறக்கி, அவை சந்திக்கும் புள்ளியிலிருந்து 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் மூலம் மைக் கம்பியில் சேர்க்க வேண்டும். ஊனோவின் 5 வோல்ட் இவ்வாறு சுமார் 50 மில்லிவோல்ட்டாகக் குறைகிறது. ஒரு மைக் தரும் அளவுக்கு அது போதும்.

படி 4: நிரல். சரியான விசை ஒலி வந்ததும் எம்டி 8870 தனது அறிவிப்புப் பின்னை உயர்த்தும். அந்தக் கணத்தில், ஊனோவோடு இணைத்த அதன் நான்கு வெளியீட்டுப் பின்களையும் படித்து 1, 2, 4, 8 என்ற மதிப்புகளால் பெருக்கிக் கூட்டினால் எண் கிடைக்கும். பூஜ்ய விசைக்கு 0 வராது, 10 வரும். தொடக்கத்தில் பலரும் தடுமாறும் இடம் இது. முதல் நான்கு எண்கள் கடவு எண்ணோடு பொருந்தினால் மட்டுமே அடுத்த விசைக்குப் பதில் தரும்படி எழுதுங்கள், ஏனென்றால் தவறாக அழைப்பவர், விளம்பரக்காரர் என யார் கூப்பிட்டாலும் இந்தப் போன் எடுத்துவிடும்.

பதிலை எப்படி அமைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். காலித் தொட்டிக்கு ஒலியே இல்லை, அடிமட்டத்துக்கு ஒன்று, பாதிக்கு இரண்டு என்று வைப்பது இயல்பாகத் தோன்றினாலும், அப்போது தொட்டி காலியா, ஒயர் அறுந்ததா, ஊனோ உறங்கிவிட்டதா என்று அழைப்பவருக்குத் தெரியாது. ஆகவே மௌனத்தை எதற்கும் பதிலாக வைக்காதீர்கள். என் அமைப்பில் 1ஐ அழுத்தினால் காலிக்கு ஒன்று, அடிமட்டத்துக்கு இரண்டு, பாதிக்கு மூன்று, நிறைவுக்கு நான்கு ஒலிகள். மேல் மிதவை நனைந்திருக்க நடு மிதவை காய்ந்திருப்பதாகக் காட்டுவது போன்ற நடக்கவே முடியாத நிலை வந்தால் ஐந்து ஒலிகள், அதாவது சுவிட்சோ ஒயரோ பழுது. 2ஐ அழுத்தினால் மோட்டார் ஓடுவதற்கு ஒரு நீண்ட ஒலி, நின்றிருப்பதற்கு இரு குறுகிய ஒலிகள். நீர் அலையும்போது மிதவை துள்ளும் என்பதால் ஒரு நொடிக்குள் பலமுறை படித்துப் பெரும்பான்மையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியை 1000 ஹெர்ட்ஸில் வைத்தால் அது திரும்பக் காதுக் கம்பியில் கசிந்தாலும் எம்டி 8870 ஏமாறாது. ஒரு நொடிக்கு மேல் நீட்ட வேண்டாம். இடைவிடாத ஒலியை இரைச்சல் என்று எண்ணிப் போன் அடக்கிவிடக்கூடும்.

படி 5: சோதனை. ஒலியளவை முக்கால் பங்கில் வைத்து, பக்கத்து அறையிலிருந்து அழைத்து விசைகளை அழுத்துங்கள். பலகையின் சிறு விளக்குகள் எண்ணுக்கேற்ப எரிய வேண்டும். எரியவில்லை என்றால் ஒலியளவைக் கூட்டுவதற்கு முன் குறைத்துப் பாருங்கள், ஏனெனில் பெரும்பாலும் ஒலி சிதைவதுதான் காரணம். சிம் கார்டு தேர்விலும் கவனம் தேவை. 2ஜி மட்டும் தெரிந்த போனில் ஜியோ சிம் இயங்காது. 4ஜி போனாக இருந்தால் விசை அழுத்தம் ஒலியாக அல்லாமல் தனிச் செய்தியாகப் பயணிப்பதால் காதுக் கம்பியில் எதுவுமே கேட்காமல் போகலாம்.

நாள் முழுதும் சார்ஜரில் கிடந்தால் போன் பேட்டரி நாளடைவில் உப்பிவிடக்கூடும். தினமும் இரண்டு மணி நேரம் மட்டும் சார்ஜ் ஆகும்படி ஒரு டைமர் பிளக் போட்டிருக்கிறேன். ரீசார்ஜ் தேதியையும் ஒலிகளின் அர்த்தத்தையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, இந்தக் கருவிகளை வைத்திருக்கும் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டியிருக்கிறேன். அதே தாளின் நகல் அம்மாவின் சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது.