விமானி உரிமம் பெற்றபின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியாத்தத்திலும் ஆற்காட்டிலும் நிலத்தை விற்றோ நகையை அடகு வைத்தோ பிள்ளையை விமானப் பயிற்சிக்கு அனுப்பிய பெற்றோர் பலர், வணிக விமானி உரிமம் வந்தவுடன் வேலையும் வந்துவிடும் என்று நம்புகிறார்கள். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி அந்த உரிமத்துக்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். முதல் வேலைக்கு விண்ணப்பிப்போரில் பெரும்பாலோர் ஏறத்தாழ அதே 200 மணி நேரத்தோடுதான் வருகிறார்கள்; ஆகவே உரிமம் மட்டும் யாரையும் தனித்துக் காட்டாது.

பணத்தை அதிகம் விழுங்கும் தவறு, எந்த நிறுவனமும் தேர்ந்தெடுக்காத நிலையில் டைப் ரேட்டிங்கை, அதாவது ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதியை, முடித்து வைப்பது. ஏர்பஸ் 320-க்குப் பெற்ற தகுதியைக் கொண்டு போயிங் 737-ஐ ஓட்ட முடியாது, ஏடிஆர் 72-ஐயும் ஓட்ட முடியாது; ஆகவே அடுத்து ஆள் எடுக்கப்போவது யார் என்று ஊகித்துப் பல லட்சம் ரூபாயைக் கட்டுவது ஏறக்குறைய சூதாட்டமே. டைப் ரேட்டிங் உள்ளவர்களை மட்டும் அழைக்கும் விளம்பரங்களும் வருவதுண்டு; ஆனால், அதைப் பார்த்துப் பயிற்சியில் சேர்ந்து முடிப்பதற்குள் அந்த வாய்ப்பு கைமாறியிருக்கும். கிங்ஃபிஷர் விமான நிறுவனம் 2012-இலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் பறப்பதை நிறுத்தியபோது, அனுபவம் மிக்க விமானிகளே வேலை தேடி வந்தனர். அத்தகைய காலத்தில் விமானத்தையே ஓட்டாத புதியவரின் டைப் ரேட்டிங், தகுதிச் சோதனை காலாவதியாகி, மீண்டும் செலவு வைக்கும்.

காத்திருக்கும் மாதங்களில் முதல் வகுப்பு மருத்துவச் சான்றையும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கையும் (வெளியே தெளிவாகத் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி) காலாவதியாக விடுவது அடுத்த தவறு. மருத்துவப் பரிசோதனையைச் சென்னையிலோ பெங்களூருவிலோ முடித்துக்கொள்ளலாம். காட்பாடியில் ரயில் ஏறுபவருக்கு இரண்டு ஊரும் தொலைவில்லை, சாக்குச் சொல்ல இடமில்லை. வீட்டில் சும்மா இருப்பதைவிட, உதவிப் பயிற்றுநர் தகுதி பெற்று ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்வது மேல் என்பது என் கருத்து. பறந்த மணிக்கணக்கும் ஏறும், பாடமும் மறக்காது.

ஒவ்வொரு பறப்பையும் பதிவு செய்யும் லாக் புக்கை அலட்சியமாக எழுதுவோர் நேர்காணலில்தான் அதன் விலையை உணர்கிறார்கள். தேர்வாளர் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, தனியாகப் பறந்த ஒரு நெடும்பயணத்தைச் சுட்டி, எந்த உயரத்தில் போனீர்கள், எதிர்க்காற்று எவ்வளவு இருந்தது, எரிபொருள் தீர எவ்வளவு நேரம் மிச்சமிருந்தது என்று கேட்பார். பறந்தவர் தட்டுத்தடுமாறியாவது சொல்லிவிடுவார். பறக்காமலே மணிக்கணக்கை ஏற்றியவர் அங்கே மாட்டிக்கொள்வார். போலி மதிப்பெண் சான்று கொடுத்து உரிமம் பெற்ற விமானிகள் 2011-இல் கைதானதிலிருந்து ஆவணங்கள் என்றாலே சந்தேகத்தோடுதான் பார்க்கப்படுகின்றன.

“உள்ளே ஆள் இருக்கிறார், ஐந்து லட்சம் கொடுங்கள்” என்று சொல்லும் தரகரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பயிற்சிக் கட்டணம் எதுவானாலும், அந்தப் பயிற்சி நிறுவனத்தின் பெயர் விமான நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கிறதா என்று பார்த்தபிறகு, ரசீது பெற்றே கட்ட வேண்டும்.