சிபி/எம்: பூஜ்ய பைட் கோப்பை ஓட வைப்பது எப்படி

சிபி/எம் என்பது எம்எஸ்-டாஸுக்கும் முந்தின ஆபரேட்டிங் சிஸ்டம். அதன் ஷெல் (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) எப்படி வேலை செய்தது என்று பார்க்க பழைய மிஷின் தேடி அலைய வேண்டாம், ரன்சிபிஎம் என்ற இலவச எமுலேட்டர் போதும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும், ஈஎஸ்பி32 என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டில்கூட ஓடும். அதோடு வரும் ஏ.ஜிப்பை விரித்தால் ஏ என்ற ஃபோல்டரும் அதற்குள் 0 என்ற ஃபோல்டரும் கிடைக்கும், அதுதான் உங்கள் ஏ டிரைவ். லினக்ஸ் என்றால் கோப்புப் பெயர்கள் பெரிய எழுத்தில் இருக்கணும், இல்லாவிட்டால் கண்ணிலேயே படாது.

கம்பைல் செய்யும்போது சிபி/எம்மை விற்ற டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தின் அசல் சிசிபியைத் தேர்ந்தெடுங்கள். சிசிபிதான் ஷெல், மொத்தமே 2 கேபி. கேரி கில்டால் 1974-ல் சிபி/எம் எழுதின காலத்தில் மெமரி விலை அப்படி, அதனால் பெரிய புரோகிராமுக்கு இடம் போதாவிட்டால் அது ஷெல்லின் மேலேயே ஏறி உட்காரலாம், முடிந்ததும் ஷெல் டிஸ்கிலிருந்து மறுபடி ஏறிக்கொள்ளும். இப்போதைய ஷெல் எதுவும் இவ்வளவு அடக்கமாக இருக்காது!

சரி, சோதனைக்கு வருவோம். டிடிடி (DDT, சிபி/எம்மின் டீபக்கர்) என்று தட்டி என்டர், அப்புறம் ஏ100, அதாவது ஹெக்ஸ் 100 என்ற முகவரியிலிருந்து எழுதப்போகிறோம். இனி வரிக்கு ஒன்றாக அசெம்பிளி கட்டளைகள்: எம்விஐ சி,2, எம்விஐ ஈ,41, கால் 5, ஆர்ஈடி, கடைசியில் வெறும் என்டர். மொத்தம் 8 பைட். 41 என்பது ஆங்கில 'ஏ' எழுத்தின் ஹெக்ஸ் எண், 5 என்ற முகவரிதான் பிடாஸின் (திரை, டிஸ்க் வேலைகளைச் செய்துதரும் சிபி/எம்மின் பகுதி) வாசல், சி என்ற ரெஜிஸ்டரில் 2 இருந்தால் ஓர் எழுத்தைத் திரையில் காட்டு என்று அர்த்தம். ஜி0 கொடுத்து வெளியே வந்து, இடையில் வேறு எதையும் ஓட்டாமல், சேவ் 1 டி.காம் என்று சேமியுங்கள். அந்த 1 என்பது 256 பைட் கொண்ட ஒரு பக்கம், நம் 8 போக மீதியெல்லாம் டிடிடி விட்டுப்போன குப்பை, பரவாயில்லை.

இனி சேவ் 0 கோ.காம். இந்தக் கோப்பில் ஒன்றுமே கிடையாது. டி என்று தட்டினால் எழுத்து வரும். டிஐஆர் கொடுத்துப் பட்டியல் பாருங்கள், பிறகு கோ என்று தட்டுங்கள், அதே எழுத்து திரும்ப வரும். ஷெல் அந்தக் காலிக் கோப்பை ஹெக்ஸ் 100-ல் "ஏற்றிவிட்டு" அங்கேயே குதிக்கிறது, அங்கே இருப்பதோ பழைய டி. டிஐஆர் ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை, அதனால் அந்த இடத்தைத் தொடுவதில்லை. நடுவில் ஸ்டாட் மாதிரி டிஸ்கிலிருந்து ஏறும் புரோகிராமை ஓட்டியிருந்தால் கோ உங்களுக்கு ஸ்டாட்டைத்தான் கொடுக்கும். ஓடும்போதே தன் டேட்டாவை மாற்றிக்கொள்ளும் புரோகிராம்களிடம் இந்த விளையாட்டு வேண்டாம், என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது.

இது சலித்தால் சிசிபிக்குப் பதில் இசட்சிபிஆர் என்ற மாற்று ஷெல்லைப் போட்டுப் பாருங்கள். அசல் ஷெல் நீங்கள் நிற்கிற டிரைவில் மட்டும் தேடிவிட்டுக் கேள்விக்குறி போடும், இது ஏ டிரைவிலும் போய்த் தேடும்.