லோங்காங் (வடிகால்) அளந்து தாமானைச் சரிசெய்தது: என் அனுபவம்

மலேசியாவில் எங்கள் செம்பனைத் தோட்டப் பட்டணத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), மழை பெய்தால் கோயில் சந்தில் தண்ணீர் நிற்கும். குப்பைதான் காரணம் என்று எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். குடியிருப்பாளர்களுக்கு அளக்கச் சொல்லிக்கொடுத்த பிறகே உண்மை தெரிந்தது.

முதலில் வரைபடம். ஏ1 தாளில் 1:500 அளவில் போட்டால் 1 செ.மீ. என்பது 5 மீட்டர். சுமார் 420க்கு 297 மீட்டர் இடம் அடங்கும். 20 மீட்டர் டேப்பில் அவரவர் நடையைச் சரிபார்த்துக்கொண்டால் மீதியைக் காலடியாலேயே அளக்கலாம்.

அடுத்தது லோங்காங்கின் வாட்டம், அதாவது சரிவு. உள்ளே தண்ணீர் தெரியும் 10 மீட்டர் பிளாஸ்டிக் குழாயில் சாயத் தண்ணீர் ஊற்றி, இரு முனையையும் லோங்காங்கின் இரு இடங்களில் பிடிக்க வேண்டும். நீர்மட்டத்திலிருந்து தரைவரை இரண்டு பக்கமும் அளந்தால், வித்தியாசம்தான் இறக்கம். உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் கணக்கு பொய்யாகும். முனையைக் கட்டைவிரலால் மூடியபடியே அளந்தாலும் அப்படித்தான். இளைஞர்களைவிட அக்காமார்கள் இதில் பொறுமைசாலிகள்.

கோயில் சந்துக்கு அடியில் குறுக்கே போகும் வடிகால் குழாயின் அடி, மேல்பக்க லோங்காங்கைவிட 6 செ.மீ. உயரத்தில் இருந்தது. எத்தனை கோத்தோங் ரோயோங் (கூட்டுத் துப்புரவு வேலை) போட்டு வாரினாலும் தண்ணீர் எப்படி ஓடும்?

மனு எழுதுமுன் சாலை யாருடையது என்று பார்க்கணும்: மாவட்ட மன்றமா, பொதுப்பணி இலாகாவா, தோட்ட நிர்வாகமா. தப்பான மேசைக்குப் போன கடிதம் அங்கேயே தூங்கும். அளவுகளோடு வரைபடத்தை இணைத்துக் கொடுத்தோம். மன்றம் குழாயைத் தோண்டி இறக்கிப் பதித்தது.

1976 நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி உள்ளூர்த் திட்ட வரைவு பொதுப் பார்வைக்கு வைக்கப்படும்போது, எழுத்துமூலம் ஆட்சேபம் சொல்லலாம். அதற்கும் இதே வரைபடம்தான் கைகொடுக்கும்.