மீட்பு யூஎஸ்பியை இன்றே ஒருமுறை சோதியுங்கள்

கணினி நன்றாக இயங்கும்போதே, உங்கள் பேக்கப் மென்பொருளில் விண்டோஸ் தொடங்காதபோது கணினியைத் தொடங்க உதவும் மீட்பு யூஎஸ்பி ஒன்றைத் தயாரித்து, அதிலிருந்து ஒருமுறை கணினியைத் தொடங்கிப் பாருங்கள். பேக்கப் இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க் அந்தத் திரையில் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். பிறகு வழக்கம்போல் விண்டோஸைத் தொடங்கி, பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு கோப்பையாவது மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள்.

விண்டோஸின் மீட்புப் பகுதி பெரும்பாலும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. டிஸ்க் செத்தால் அதுவும் சேர்ந்தே போய்விடும். முழு டிஸ்க்கையும் படிமமாக, அதாவது விண்டோஸ் உட்பட அப்படியே நகலாக, எடுத்து வைத்திருந்தாலும், அதைப் புதிய டிஸ்க்கில் இறக்கக் கணினி வேறு வழியில் தொடங்கியாக வேண்டும். யூஎஸ்பியில் டிஸ்க் போன்ற வன்பொருளை இயக்கத் தேவையான டிரைவர் இல்லை, கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் அந்த யூஎஸ்பியை ஏற்கவில்லை என்பதெல்லாம் அவசர நேரத்தில் தெரியவருவது கொடுமை. பேக்கப் டிஸ்க்கை விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அந்தச் சாவி அதே கணினியில் மட்டும் இருந்தால், பெட்டிக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டியது போலத்தான்.

ஆவணங்களை மட்டும் நகலெடுத்து, விண்டோஸைப் புதிதாக நிறுவிக்கொள்பவர்களுக்கு இந்த மீட்பு யூஎஸ்பி தேவையில்லை. வேறு எந்தக் கணினியிலும் 8 ஜிபி யூஎஸ்பியில் நிறுவல் கோப்புகளை இறக்கிக்கொள்ளலாம். டிஸ்க் ஏற்கெனவே கடகடவென்று சத்தமிடுகிறது என்றால் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். முதலில் முக்கியக் கோப்புகளை வெளியே எடுங்கள்.