விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ்: வீட்டுக் கணினிக்கு எந்த வழங்கல்?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் இல்லாத கணினிகள் சென்னை வீடுகளில் இன்னும் ஏராளமாக நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவ விரும்பும் பலர் விண்டோஸை முழுவதுமாக நீக்கிவிட முடியாத நிலையில் இருக்கிறார்கள். கணக்கு மென்பொருளான டேலி விண்டோஸில் மட்டுமே இயங்குகிறது. பிள்ளைகளின் பாடத்துக்குக் குறிப்பிட்ட மென்பொருள் வேண்டியிருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் பழகிய திரையை மாற்ற விரும்புவதில்லை. எனவே, இரண்டையும் ஒரே கணினியில் வைக்கும்போது, வீட்டில் மற்றவர்கள் நம்பியிருக்கும் விண்டோஸுக்கு மிகக் குறைந்த தொந்தரவு தரும் வழங்கல் (உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகை) எது என்பதையே முதல் கேள்வியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அழகும் வேகமும் அதற்குப் பிறகுதான்.

இந்த அளவுகோலால் பார்த்தால், நீண்டகால ஆதரவுள்ள பதிப்புகளே முன்னுக்கு வருகின்றன. ஒரு வழங்கலைப் புதிய பதிப்புக்கு உயர்த்தும்போது இயங்குதளத்தின் மையமான கெர்னல், வன்பொருளை இயக்கும் டிரைவர்கள், கணினி எழும்போது இயங்குதளத்தைத் திறக்கும் துவக்க நிரல் ஆகிய யாவும் ஒருசேர மாறக்கூடும் என்பதால், அத்தகைய பெரிய மாற்றம் எவ்வளவு அரிதாக நிகழ்கிறதோ அவ்வளவுக்கு வீட்டில் அமைதி. உபுண்டு 24.04-க்கும், அதை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கும் 2029 வரை ஆதரவு உண்டு. ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதங்களே ஆதரவு. அண்மையில் வாங்கிய மடிக்கணினியின் புத்தம்புதிய வன்பொருளை அது விரைவில் அடையாளம் காணும் என்பது உண்மையே; ஆயினும் பலர் பகிரும் கணினிக்கு நான் அதை முதலில் பரிந்துரைக்க மாட்டேன். ஆர்ச் லினக்ஸ் கற்றுக்கொள்வதற்குச் சிறந்தது. ஆனால் நம்பகமான நிரலை மட்டுமே துவங்கவிடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அதில் நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா ஆகியவை செக்யூர் பூட்டை அணைக்காமலே நிறுவக்கூடியவை.

பெரும்பாலான வீடுகளுக்கு மின்டின் சின்னமன் என்ற திரை அமைப்புள்ள பதிப்பு பொருந்தும். கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்ற அமைப்பு விண்டோஸில் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தோன்றாது. நினைவகம் 4 ஜி.பி. மட்டுமே இருந்தால் மின்டின் எடை குறைந்த எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பை எடுக்கலாம். என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினிகளுக்கு உபுண்டுவும் மின்டும் வசதியானவை. தேவையான டிரைவரை ஒரு சாளரத்திலேயே தேர்ந்து நிறுவலாம். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நினைவுக்கு வரும். அது டெபியனைத் தழுவியது. இந்திய மொழிகளை முன்னிறுத்தியது. ஆனால் சிக்கல் வரும்போது தேடினால் விடை கிடைக்கும் அளவு உபுண்டு, மின்ட் குடும்பத்துக்கே மிகுதி என்பதால், புதியவருக்கு அவற்றையே சொல்வேன்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருள்களின் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை மேலே சொன்ன எல்லா வழங்கல்களிலும் கிடைக்கிறது. யூனிகோடு கோப்புகளில் பிரச்சினை இல்லை. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கடிதங்களும் மனுக்களும் வீட்டில் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்புகளை லினக்ஸிலும் நிறுவினால்தான் எழுத்துகள் தெரியும்.

எதையும் முடிவுசெய்யுமுன் லினக்ஸை யூ.எஸ்.பி. பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே இயக்கிப் பாருங்கள். நிறுவாமலே வைஃபை, ஒலி, புளூடூத், வெப்கேம், மூடித் திறந்தால் விழிக்கும் வசதி ஆகிய அனைத்தையும் ஒரு மாலைப் பொழுதில் சோதித்துவிடலாம். பிரின்டரை மறந்துவிட வேண்டாம். பழைய லேசர் பிரின்டர்கள் சிலவற்றுக்கு லினக்ஸில் கூடுதல் முயற்சி தேவைப்படும். இந்தச் சோதனையில் எது தேறுகிறதோ அதுவே உங்கள் கணினிக்கு உரியது. எந்தப் பரிந்துரையும், என்னுடையது உட்பட, அதற்குப் பிறகுதான்.

நிறுவும் நாளில் முதலில் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுங்கள். வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்குகிறதா என்று பார்த்து, மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸை மாற்றினாலே விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கக்கூடும். விண்டோஸ் விரைவாகத் துவங்க உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையேல் விண்டோஸ் பகுதி பாதி உறக்கத்திலேயே இருக்கும், லினக்ஸிலிருந்து அதில் எழுத முடியாது. லினக்ஸுக்கு இடம் விட விண்டோஸ் பகுதியைச் சுருக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே செய்வது பாதுகாப்பானது. யூ.பி.எஸ். இல்லாத மேசைக் கணினியில், மழைக்கால மின்வெட்டு எதிர்பார்க்கும் நாளில் இதைத் தொடங்க வேண்டாம்.

மேசைக் கணினியாக இருந்தால் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் இன்னொரு எஸ்.எஸ்.டி. வட்டு வாங்கி, லினக்ஸையும் அதன் துவக்க நிரலையும் அதிலேயே நிறுவுவதே ஆகச் சிறந்த வழி. அப்போது விண்டோஸ் வட்டின் கேபிளை நிறுவும் வரை கழற்றி வைத்துவிடலாம். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு மேம்பாடு, இரண்டு இயங்குதளங்களும் உள்ள இரட்டைத் துவக்கக் கணினிகள் சிலவற்றில் லினக்ஸ் துவங்குவதையே தடுத்தது. தனி வட்டு இத்தகைய தடையை முற்றிலும் விலக்காது. ஆனால் ஒரு வட்டில் நேரும் கோளாறு மற்றதைத் தொடாமல் இருக்க அது பெரிதும் உதவும்.

எல்லாம் முடிந்தபின் விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தால் அஞ்ச வேண்டாம். லினக்ஸ் உள்கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸோ அதை இந்திய நேரமாகப் படிக்கிறது. உள்ளூர் நேரத்தையே பின்பற்றுமாறு லினக்ஸுக்கு டெர்மினலில் ஒரு கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும். கடைசியாக, கணினியை அதிகம் பயன்படுத்துபவர் எதைத் திறப்பாரோ அதையே கணினி துவங்கும்போது தோன்றும் கிரப் பட்டியலில் இயல்புத் தேர்வாக அமைத்து, பத்து நொடி காத்திருக்கும்படி வைத்துவிடுங்கள்.